குளிர்காலக் காலையும் கார் இன்ஜினும்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் விடியற்காலை ஒரு கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கும். பத்து நிமிடம் கழித்தும் அதே சத்தம் அதே இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். கார்க்காரர் வீட்டுக்குள் இருப்பார். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று விட்டிருப்பார். வண்டி மேல் அக்கறை உள்ளவர்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இன்ஜினுக்குக் கெடுதல். பல வருடங்களாக யாரிடம் பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இந்தப் பழக்கம் கார்புரேட்டர் காலத்தில் வந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற பாகம் அது. என் அப்பாவிடம் அப்படியொரு கார் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு குமிழ் இருக்கும். அதுதான் சோக். அதை இழுத்தால் கார்புரேட்டருக்குள் காற்று போகிற வழி அடைபடும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் அந்தக் கூடுதல் தேவை. அப்பா குமிழை முழுக்க இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்புவார். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அணையும். மறுபடி திருப்புவார். பிடித்துக்கொண்ட பிறகும் குமிழிலிருந்து கையை எடுக்க மாட்டார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். சீரானதும் ஒரு நகக்கண் அளவு உள்ளே தள்ளுவார். மறுபடி கேட்பார். நாங்கள் யாரும் அப்போது பேசக் கூடாது. குமிழ் முழுதாக உள்ளே போன பிறகுதான் கியர் போடுவார். ஒருநாள் மட்டும் அவசரத்தில் முன்னாலேயே கிளம்பிவிட்டார். முதல் திருப்பத்திலேயே வண்டி நடுச்சாலையில் அணைந்து நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். காத்திருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அன்றைக்கு என் மனதில் பதிந்தது.

அப்பா செய்தது அந்தக் காருக்குச் சரி. ஆனால் 1990களோடு புதிய கார்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இப்போது இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் பார்த்துச் சொல்கிறது, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. அப்பாவின் காது செய்த வேலை அது.

எனக்கு இது புரிந்தது என் சொந்தக் காரில்தான். ஒவ்வொரு குளிர்காலக் காலையும் கால் மணி நேரம் ஓடவிட்டுத்தான் எடுப்பேன். ஒருமுறை மெக்கானிக் ஆயில் பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவி, துடைக்காமல் அப்படியே என் மூக்கருகே நீட்டினார். பெட்ரோல் வாசனை வந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்க்கச் சொன்னார். ஆயிலுக்குரிய வழுவழுப்பே இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தது.

நடப்பது இதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை கணினியும் பெட்ரோலைக் கூடுதலாகத்தான் தெளிக்கும். அதில் எரியாதது, பெட்ரோல் எரிகிற குழலான சிலிண்டரின் சுவரில் படிந்து, அங்கே இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிறகு, சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டனின் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆகவே அந்தக் குளிர்ந்த நிலை சீக்கிரம் முடிய வேண்டும். நின்ற இடத்தில் ஓடுகிற இன்ஜினுக்கு வேலையே இல்லை, அதனால் சூடு மெதுவாகத்தான் ஏறும். வண்டி நகர்ந்தால்தான் சீக்கிரம் ஏறும்.

மறுபடி சொல்கிறேன், நகர்ந்தால்தான் சீக்கிரம் சூடாகும். ஸ்டார்ட் செய்யுங்கள், சீட் பெல்ட் போடுங்கள், கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். அந்த அரை நிமிடத்தில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்விடும். அப்புறம் மெதுவாகக் கிளம்புங்கள். முதல் ஐந்து, பத்து நிமிடம் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். நின்றபடி ரேஸ் செய்வது இன்னும் மோசம், தயவுசெய்து வேண்டாம். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று உடனே விரட்டவும் கூடாது. அந்த முள் காட்டுவது குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் சில நிமிடங்கள் ஆகும். முன் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் மட்டும் காத்திருக்கத்தான் வேண்டும், சாலை தெரியாமல் ஓட்ட முடியாது. அதையும் இன்ஜின் ஓடும்போதே கையால் சுரண்டி எடுத்தால் சீக்கிரம் முடியும்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் எளிதாக ஓடும். உங்கள் காரின் கையேடு எதைச் சொல்கிறதோ அதை வாங்குங்கள்.

பேட்டரி பற்றியும், பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி குளிரில் இரவே மின்சாரத்தால் இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் பற்றியும் விரிவாகச் சொல்ல எழுதி வந்திருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. அந்த அளவு குளிரில் அந்த ஹீட்டர் அவசியம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே விடாதீர்கள். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும். வெளியே பனி குவிந்திருந்தால், சாவியைத் திருப்பும் முன் பின்னால் போய் சைலன்சர் குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடைபட்டால் அந்தப் புகை காருக்குள்ளேயே வரும். பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வணக்கம்.