தக்காளிக்காக வந்த தேனீ

நண்பர்களே, பம்பிள்பீ என்னும் தேனீ வகை ஏன் குறைகிறது என்று கேட்டால் பூச்சிமருந்து, அழிந்துபோன பூவெளிகள், ஏறும் வெப்பம் என்று பதில் வரும். மூன்றும் உண்மைதான். நான் இன்று பேச வந்தது வேறொரு காரணம். தேனீயையே பெட்டியில் அடைத்துச் சரக்குபோல நாடு நாடாக அனுப்புகிறோமே, அதைப் பற்றி.

நம்மூரில் மரக்கட்டையைத் துளைக்கிற கருவண்டு வேறு, பம்பிள்பீ வேறு. உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் கொண்ட இது பெரும்பாலும் குளிர்நாட்டுப் பூச்சி. இந்தியாவில் பார்க்க இமயமலைப் பக்கம்தான் போக வேண்டும்.

தக்காளிப் பூவில் இது செய்யும் வேலை அபாரமானது. அந்தப் பூவின் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடைந்து கிடக்கும். பம்பிள்பீ அதைத் தாடையால் கவ்விக்கொண்டு தொங்கும். சிறகை விரிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். மலைத்தேனீயோ பெட்டித் தேனீயோ இப்படிச் செய்வதில்லை. அதனால்தான் 1980களில் ஐரோப்பாவில் பசுமைக்குடில் தக்காளிக்காக இதை வளர்த்து விற்கத் தொடங்கினார்கள்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், படகோனியாவில், பாம்பஸ் டால்போமி என்றொரு இனம் உண்டு. உலகிலேயே பெரிய பம்பிள்பீ. செம்பொன் நிறம். ராணி மூன்று சென்டிமீட்டர் வரை வளரும். அந்தப் பகுதிக்கே உரிய பம்பிள்பீ இது ஒன்றுதான். 1990களின் கடைசியில் சிலி நாடு தக்காளிக்காக ஐரோப்பிய இனமான டெரஸ்ட்ரிஸை இறக்குமதி செய்தது. அது குடிலுக்குள்ளேயே நிற்குமா? வெளியே வந்தது, ஆண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் பரவியது, 2006-இல் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள் நுழைந்துவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

அது தனியாக வரவில்லை, நோயும் கூடவே வந்திருக்கிறது. மரீனா ஆர்பெட்மன் முதலான அர்ஜென்டின ஆய்வாளர்கள் ஏபிசிஸ்டிஸ் என்னும் ஒட்டுண்ணியைத் தேடினார்கள். டெரஸ்ட்ரிஸ் வருவதற்கு முன்பு பிடித்துப் பாதுகாத்த தேனீக்களில் அது இல்லை. பின்னால் பிடித்தவற்றில், டால்போமியிலும் சேர்த்து, இருந்தது. இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனால் அந்தப் பூச்சிமேல் அல்ல. அதைப் பெட்டியில் போட்டு அனுப்பியவர்கள் நாம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பம்பிள்பீக்களில் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைப்பது பெரும்பாலும் இளம் ராணி மட்டுமே. வசந்தத்தில் தன்னந்தனியாக எழுந்து, இடம் பார்த்து, முதல் முட்டைகளை அடைகாத்து, புதுக்கூட்டை அவள் ஒருத்தியே தொடங்க வேண்டும். அவள் நோயில் விழுந்தால் அந்த ஆண்டின் கூடே இல்லை.

அப்புறம், பூக்களுக்கும் இதில் நன்மை இல்லை. நீளக்குழல் பூக்களின் அடியைக் கடித்து ஓட்டை போட்டு டெரஸ்ட்ரிஸ் தேனைத் திருடிவிடும். ராஸ்பெர்ரித் தோட்டங்களில் ஒரே பூவில் ஓயாமல் உட்கார்ந்து, மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டையே சிதைக்கிறது. பழம் குறைகிறது.

அர்ஜென்டினா இந்த இறக்குமதியை அனுமதிக்கவில்லை. சிலியோ எச்சரிக்கைகளுக்குப் பிறகும் ராணிகளும் கூடுகளுமாகப் பத்து லட்சத்துக்கும் மேல் வரவழைத்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்றால் பறக்கிற உயிரை எப்படித் தடுப்பது? ஒரு நாடு உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்வதற்கு முன்பு அண்டை நாட்டின் சம்மதத்தையும் பெற வேண்டும் என்று ஒப்பந்தம் வர வேண்டும். இந்த மேடையிலிருந்து நான் கேட்பது அதைத்தான்.