மிரட்டலைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு பதில்

நடுவர் ஐயா, எதிரணியில் இருக்கிற அண்ணைமாரே, தங்கச்சி, இந்தப் புழுக்கத்திலும் எழும்பிப் போகாமல் இருக்கிற எங்கள் சனசமூக நிலையத்துச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருக்கால் திரும்பச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அதைத் தொடாமலே தன்னுடைய நேரம் முழுக்கக் கைதட்டு வாங்கிவிட்டுப் போய் இருந்துவிட்டார். அணுவாயுதம் வைத்திருக்கிற பகை நாடு இராணுவ மிரட்டல் விட்டால் அதை மெய்யென்று எடுப்பதா, வாய்ச்சவடால் என்று தள்ளுவதா? இதுதான் கேள்வி. மெய்யென்றே எடுக்க வேண்டும் என்பது எங்கள் அணி.

அண்ணை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: தென்கொரியத் தலைநகர் சியோலைத் தீக்கடல் ஆக்குவோம் என்று வடகொரியா 1994இல் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது, சியோலில் சனம் கோப்பியும் குடித்துக்கொண்டு போனையும் நோண்டிக்கொண்டு இருக்கிறது, ஆகவே குரைக்கிற நாய் கடிக்காது. சபை சிரித்தது. நானும் சிரித்தேன், பகிடி நல்ல பகிடிதான். ஆனால் அந்த 1994ஆம் ஆண்டை அண்ணை பாதியில் விட்டுவிட்டார். மார்ச் மாதம் இரண்டு கொரியாக்களின் எல்லையில் இருக்கிற பன்முன்ஜொம் பேச்சுவார்த்தை மேசையில் வடகொரியப் பிரதிநிதி அந்த வசனத்தைச் சொன்னார். ஜூனில் சியோல் சனம் அரிசியும் நூடில்ஸும் வாங்கிக் குவிக்கக் கடைகளில் முண்டியடித்தது. வடகொரியாவின் யொங்பியொன் அணு உலையைக் குண்டு போட்டு உடைக்கிற திட்டம் வாஷிங்டனில் தயாராக இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வடகொரியத் தலைநகர் பியொங்யாங் போய் அந்நாட்டுத் தலைவர் கிம் இல்-சுங்கோடு இருந்து கதைத்த பிறகுதான் நெருக்கடி தணிந்தது. அந்த ஒக்டோபரில் ஒரு உடன்படிக்கை வந்தது: வடகொரியா தன் அணு வேலையை நிறுத்தி வைக்கும், பதிலுக்கு இரண்டு மின் அணு உலைகள் கட்டிக் கொடுக்கப்படும், அவை கட்டி முடியும் வரைக்கும் வருடத்துக்கு 5 இலட்சம் தொன் எரிஎண்ணெய். குரைத்ததற்காக எந்த நாய்க்கு 5 இலட்சம் தொன் எண்ணெய் கிடைத்தது, அண்ணை?

சொன்னதெல்லாம் நடக்கும் என்று நாங்கள் வாதாடவில்லை. தீக்கடல், சாம்பல் மேடு, உலக வரைபடத்திலேயே இல்லாமல் செய்வோம் என்கிற பேச்சையெல்லாம் நான் எதிரணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய பேச்சுக்கு நடுவில் சின்னதாக ஒன்று வரும். அதில் ஒரு இடத்தின் பெயர் இருக்கும், ஒரு காரணம் இருக்கும், சில நேரம் நேரமும் இருக்கும். அதைத்தான் பார்க்கச் சொல்கிறோம். ஒட்டுமொத்தமாகச் சிரித்துத் தள்ளுகிறவனுக்கு இது கண்ணில் படவே படாது.

யாழ்ப்பாணத்து மேடையில் நின்று இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பொம்மர் சத்தம் கேட்டால் இந்தச் சபையில் இருக்கிற மூத்த ஆக்கள் என்ன செய்தீர்கள்? உடனே பங்கருக்குள் பாயவில்லை. முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தீர்கள். சுத்துதோ, பதியுதோ? சுற்றிக்கொண்டு நின்றால் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைக்க நேரம் இருந்தது, குண்டு போடக் கீழே பதிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். பலாலிப் பக்கம் ஷெல் குத்துகிற சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுத்துக் கேட்டீர்கள். "இவர்கள் எத்தினை நாளாய்ச் சுத்துறாங்கள், சும்மா வெருட்டுறாங்கள்" என்று திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தவர்களும் ஊரில் இருந்தார்கள்தான், அவர்களைப் பற்றி நான் இங்கே சொல்லப் போவதில்லை. பங்கர் வெட்டிப் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட சனத்தைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் எங்கள் தலைக்கு மேலேயே நடந்தது. 1987 ஜூன் 3ஆம் திகதி இந்தியா நிவாரணப் பொருட்களோடு படகுகளை அனுப்பியது, இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. கொழும்பில் அன்று வெற்றிப் புன்னகை. மறுநாள் டெல்லியில் இருந்த இலங்கை உயர்ஸ்தானிகரைக் கூப்பிட்டு, விமானத்தில் கொண்டுபோய்ப் போடப் போகிறோம், தடுத்தால் பலத்தைப் பிரயோகிப்போம் என்று சொன்னார்கள். அன்று பின்னேரமே அன்ரனோவ் விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து பொதிகளைப் போட்டுவிட்டுப் போயின. தெற்கில் அதைப் பருப்புப் போட்ட கதை என்று இன்றைக்கும் நக்கலடிப்பார்கள். 1974இலேயே அணுகுண்டைச் சோதித்துப் பார்த்த நாடு அது. எங்களுக்கு அன்று அது பகை நாடு இல்லை, கொழும்புக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். என்ன வரப்போகிறது, தடுத்தால் என்ன நடக்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குக் கொழும்பு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டால் அந்தப் பின்னேரத்தையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, கொரியாவுக்கே வருகிறேன், எதிரணி அங்கேதான் கூடாரம் அடித்திருக்கிறது. 2020 ஜூன் மாதம் தென்கொரியாவில் இருக்கிற சிலர் பலூனில் துண்டுப்பிரசுரம் கட்டி வடக்கே பறக்கவிட்டார்கள் என்று வடகொரியத் தலைவர் கிம் ஜொங்-உன்னின் தங்கச்சி கிம் யோ-ஜொங்குக்குக் கோபம். ஜூன் 13ஆம் திகதி அறிக்கை விட்டார்: வடகொரியாவின் கேசொங்கில் இருக்கிற வடக்கு-தெற்கு இணைப்பு அலுவலகம் இடிந்து கிடக்கிற காட்சியைக் கெதியில் காண்பீர்கள் என்று. தென்கொரியா தன் காசைப் போட்டுச் செய்து, 2018 செப்டெம்பரில் திறந்த நாலு மாடிக் கட்டடம் அது. 13ஆம் திகதி அறிக்கை, 16ஆம் திகதி பின்னேரம் கட்டடம் தரைமட்டம். பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடிகள் பொலபொலவென்று கொட்டுப்படுகிற வீடியோவை அவர்களே எடுத்து வெளியிட்டார்கள். அண்ணை, இது குரைத்ததா, கடித்ததா?

அண்ணை தலையை ஆட்டுகிறார், ஆள் இல்லாத கட்டடம்தானே என்று. சரி, ஆள் இருந்த இடத்துக்குப் போவோம்.

யொன்பியொங் என்று ஒரு தீவு, தென்கொரியாவினுடையது, வடகொரியக் கரைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் தூரம், நண்டு பிடித்துச் சீவிக்கிற சனம். (நண்டு என்றதும் முன்வரிசை நிமிர்கிறது, சாப்பாடு பிறகு.) 2010 நவம்பர் 23ஆம் திகதி தென்கொரியப் படை அங்கே பீரங்கிப் பயிற்சி வைத்திருந்தது. அன்று காலையிலேயே வடகொரியா செய்தி அனுப்பியது: எங்கள் கடலுக்குள் ஷெல் விழுந்தால் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டோம். இப்படி எத்தனை செய்தியைப் பார்த்தாயிற்று என்று பயிற்சி தொடர்ந்தது. பின்னேரம் இரண்டரை மணிக்குப் பிறகு ஷெல் வந்து விழத் தொடங்கியது, மொத்தம் 170 அளவில். இரண்டு படையினர், கட்டட வேலைக்குப் போயிருந்த இரண்டு பொதுமக்கள், நாலு உயிர். வீடுகள் எரிந்தன. ஆயிரத்துச் சொச்சம் சனத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் தோணியிலும் கப்பலிலும் இன்சொன் நகரத்துக்கு ஓடி, அங்கே ஒரு பொதுக் குளியல் நிலையத்தின் மண்டபத்தில் பாயைப் போட்டுக் கிழமைக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். 1995இல் வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அந்த மண்டபத்தின் மணம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே வருடம் மார்ச்சில் சொனான் என்கிற தென்கொரியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கி 46 கடற்படையினர் செத்துப் போனார்கள். வடகொரியா இன்றுவரை மறுக்கிறது, வெளிநாட்டு நிபுணர்களும் இருந்த விசாரணைக் குழு அவர்களின் டொர்பிடோதான் என்று சொன்னது. எதிரணித் தங்கச்சி ஒன்று சொன்னார், அணுகுண்டு போட்டால் அவர்களும் அழிவார்கள், அதனால் ஒருநாளும் போட மாட்டார்கள், ஆகவே பயமில்லை என்று. முதல் பாதி சரி, தங்கச்சி. அணுகுண்டை அவர்கள் போட வேண்டிய தேவையே இல்லை. 2006இல் ஒன்று, 2009இல் ஒன்று என்று இரண்டு சோதனை செய்து முடித்த பிறகுதான் 2010இல் இந்த இரண்டு அடியும் விழுந்தன, தென்கொரியா பெரிதாகத் திருப்பி அடிக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. திருப்பி அடித்தால் எங்கே போய் முடியும் என்ற பயம். குண்டு களஞ்சியத்தில் கிடக்கிறது, அந்தத் துணிவில் முன்னுக்கு நின்று பீரங்கி அடிக்கிறார்கள். குண்டு வெடிக்காது என்பதற்காகப் பீரங்கி மிரட்டலையும் சேர்த்துத் தள்ளினீர்கள் என்றால் யொன்பியொங் சனத்துக்கு யார் பதில் சொல்வது?

இன்னும் பழைய கதை ஒன்று, இதே கொரியாவில் போர் நடந்த காலத்தில், எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் சம்பந்தப்பட்டது. 1950 ஒக்டோபர் தொடக்கத்தில், நடுச்சாமம் தாண்டின நேரம், பீஜிங்கில் இருந்த இந்தியத் தூதுவர் கே. எம். பணிக்கரை நித்திரையால் எழுப்பிக் கூப்பிட்டு சீனப் பிரதமர் சூ என்லாய் சொன்னார்: இரண்டு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது பாகைக் கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா போருக்கு வரும். பணிக்கர் அதை டெல்லிக்கு அனுப்பினார், டெல்லி ஊடாக வாஷிங்டனுக்குப் போனது. வாஷிங்டனில் என்ன சொன்னார்கள்? இந்தப் பணிக்கர் சீனா பக்கம் சாய்ந்தவர், இவர் சொல்வதை எடுக்கக் கூடாது. ஆளைப் பிடிக்கவில்லை, ஆகவே செய்தி பொய்! படை தாண்டியது. ஒக்டோபர் 15ஆம் திகதி வேக் தீவில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கேட்டபோது, சீனா வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றார் அந்தப் படையின் தளபதி ஜெனரல் மக்ஆர்தர். அதற்கு நாலு நாளில் சீனப் படை எல்லையில் இருக்கிற யாலு ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. ஜனவரி 4ஆம் திகதி சியோல் மறுபடி பறிபோனது. சீனாவிடம் அப்போது அணுகுண்டு இல்லை, குண்டு வைத்திருந்தது அமெரிக்காதான், அப்படியிருந்தும் வந்தார்கள். குண்டு இல்லாதவனின் மிரட்டலையே தள்ளி இந்தப் பாடு!

ரஷ்யாவையும் எதிரணி இழுத்தது. புட்டின் சிவப்புக் கோடு சிவப்புக் கோடாகப் போட்டார், உக்ரேனுக்கு டாங்கி போனது, எஃப்-16 போர்விமானம் போனது, தொலைதூர ஏவுகணை போனது, ஒன்றும் நடக்கவில்லை என்று விரல் மடக்கி எண்ணினார்கள். எண்ணத் தொடங்கின இடம் பிழை. 2021 டிசெம்பரில் ரஷ்யா எழுத்தில் கோரிக்கை வைத்தது, எல்லையில் ஒரு இலட்சத்துக்கு மேல் படை நின்றது, வெருட்டிப் பேரம் பேசுகிறார் என்றுதான் ஐரோப்பாவில் பாதிப் பேர் எழுதினார்கள், செலென்ஸ்கியே ஜனவரி கடைசியில் பீதியைக் கிளப்பாதீர்கள் என்று மேற்கு நாடுகளைக் கேட்டுக்கொண்டார். பெப்ரவரி 24 விடிய டாங்கிகள் உள்ளே. அப்புறம் அந்த அணு மிரட்டல். நேட்டோ படை ஒன்று உக்ரேனுக்குப் போய்ப் போரிட்டதா? வான்பரப்பை மூடச் சொல்லிக் கீவ் கெஞ்சியதே, மூடினார்களா? டாங்கி கொடுக்கப் பத்து மாதத்துக்கு மேல் யோசித்தார்கள், எஃப்-16 வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல். அந்த மிரட்டல் தன் வேலையைப் பார்த்துவிட்டது, பிறகு எதற்கு நிறைவேற்ற வேண்டும்?

ஹவாய் கதைக்கும் ஒரு வசனம். 2018 ஜனவரியில் ஏவுகணை வருகிறது என்று எல்லோருடைய போனுக்கும் பிழையாகச் செய்தி போய், அது பொய் என்று திருத்தம் வர 38 நிமிடம் ஆனது, சனம் அல்லோலகல்லோலப்பட்டது, மிரட்டலை மெய்யென்று எடுத்தால் இதுதான் கதி என்றார் தங்கச்சி. எங்கே ஒளிவது என்று யாருக்கும் தெரியாததால்தானே அந்த ஓட்டம்? நேரத்தோடு யோசித்து வைக்காத சனம்தான் கண்டபடி ஓடும். அது எங்கள் பக்கத்து உதாரணம், தவறுதலாக அங்கே போய்விட்டது, திருப்பித் தாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா. 2022 செப்டெம்பரில் வடகொரியா ஒரு சட்டம் நிறைவேற்றியது. எந்தெந்த நிலைமையில் அணுவாயுதத்தைப் பாவிப்போம் என்று அதில் வரிசையாக இருக்கிறது. தங்கள் கட்டளைத் தலைமை தாக்குதலால் ஆபத்துக்குள்ளானால் அணுத் தாக்குதல் தானாகவே, உடனடியாக நடத்தப்படும் என்பதும் அதில் ஒன்று. தீக்கடல் மாதிரி அடுக்குமொழி இல்லாத, சாமான் பட்டியல் போல வறண்ட எழுத்து. சியோலில் இருந்து எல்லை வரைக்கும் ஏறக்குறைய இங்கே இருந்து ஆனையிறவு வரைக்கும் உள்ள தூரம்தான். ஏதோ ஒரு இரவில் ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டு, எங்கள் தலைவரைத்தான் அடிக்க வருகிறார்கள் என்று பியொங்யாங்கில் ஒருவன் பிழையாக விளங்கிக்கொண்டால் அந்தத் தூரத்துக்கு ஏவுகணைக்குச் சில நிமிடம் போதும். அந்தச் சட்டத்தை வரி வரியாக வாசித்து, அவன் அப்படி விளங்கிக்கொள்ள இடம் கொடுக்காமல் நடக்க வேண்டிய வேலை தென்கொரியாவுக்கும் இருக்கிறது, அமெரிக்காவுக்கும் இருக்கிறது. எதிரணியின் வழியில் போனால் அதை வாசிக்கவே தேவையில்லை, சும்மா குரைக்கிறார்கள்.

அடுத்துப் பேச வருகிற அண்ணை தீக்கடலைப் பற்றிப் பேச வேண்டாம், அதை ஏற்கனவே கொடுத்துவிட்டேன். யொன்பியொங்குக்கு அன்று காலை வந்த செய்தியை அவர் கையில் கொடுத்திருந்தால், பின்னேரம் இரண்டரை மணிக்கு முன் அந்தச் சனத்துக்கு என்ன சொல்லியிருப்பார் என்பதை மட்டும் இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.