நாளைய உச்ச வெயில் எத்தனை டிகிரி? பந்தயக் கணக்கு ஒரு பார்வை

[காட்சி: காரைக்குடி வீடு. நடுப்பகல், முற்றம்.]

குரல்: முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. நாலு எட்டு தள்ளிப் பட்டாலைக்கு வந்தால் ஆத்தங்குடிக் கல் ஜில்லென்று இருக்கிறது. அப்படியானால் இன்று காரைக்குடியில் வெயில் எத்தனை டிகிரி? எங்கே அளப்பது என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதிலே இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி மேல் பணம் கட்டுகிறார்கள். கால்ஷி என்ற சந்தையில் 'நியூயார்க்கின் இன்றைய உச்ச வெப்பம் இந்த இரண்டு டிகிரி இடைவெளிக்குள் வருமா?' என்று ஒரு சீட்டு விற்கும். வந்தால் ஒரு டாலர், வராவிட்டால் ஒன்றுமில்லை. சீட்டின் விலை 60 சென்ட் என்றால், 60 சதவீதம் வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது.

[காட்சி: வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானி.]

நியூயார்க் என்றால் ஊர் முழுக்க இல்லை, சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் ஒரே ஒரு கருவி. நம் சென்னையிலும் நுங்கம்பாக்கம் ஓர் அளவு சொல்லும், மீனம்பாக்கம் இன்னொன்று சொல்லும். கடற்காற்று கொஞ்சம் தாமதமாக உள்ளே வந்தால் போதும், இரண்டுக்கும் இடைவெளி விழுந்துவிடும். தொண்டிக்கும் மதுரைக்கும் உள்ள வித்தியாசம் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கோடையில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். வானிலைத் துறையின் பதிவோ பழைய நேரத்திலேயே ஓடும். அதனால் நள்ளிரவு 12:30-க்குப் பதிவான வெப்பம் முந்தைய நாளில் சேரும். விதிமுறையைப் படிக்காதவர் இங்கேயே பணத்தை விடுவார்.

[காட்சி: திரையில் பிரிந்து பரவும் பல கோடுகள்.]

சரி, வாய்ப்பை எப்படிக் கணிக்கிறார்கள்? ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைத் துளித்துளி மாற்றி, ஒரே கணிப்பை 50 விதமாக ஓட்டுகிறது. அதில் 30 கோடுகள் சீட்டில் சொன்ன இடைவெளிக்குள் விழுந்தால் வாய்ப்பு தோராயமாக 60 சதவீதம். ஆனால் கணினி சொல்வது பல கிலோமீட்டர் பரப்பின் சராசரி. கருவி இருப்பதோ ஒரே இடத்தில். அந்த இடத்தில் கணிப்பு வழக்கமாக எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். உண்மையான உழைப்பு இதில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் லாபம் நிச்சயமில்லை. அதே கணிப்பை எல்லோரும் பார்க்கிறார்கள், அது விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. செல்போனில் வானிலை பார்த்துப் பணம் கட்டுகிறவர் தோற்கத்தான் அதிக வாய்ப்பு என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டில் இதற்கு இடமும் இல்லை. கல்கத்தாவில் மழை மேல் சூதாடியதை வங்க அரசு 1897-லேயே தடை செய்தது. ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதை 2025-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டுக்கு 2023-லிருந்தே தனிச் சட்டமும் உண்டு.

[காட்சி: கோடு போட்ட நோட்டு, பேனா.]

ஆனால் கணிக்கும் திறமையைக் காசில்லாமல் சோதிக்கலாம். 'நாளை மதுரை விமான நிலையத்தில் 38 டிகிரியைத் தாண்டும், 70 சதவீதம்' என்று இரவில் எழுதுங்கள். மறுநாள் வானிலை மையம் வெளியிடும் அளவைப் பாருங்கள். தாண்டியிருந்தால் 1-லிருந்து 0.7-ஐக் கழித்து, விடையை அதனாலேயே பெருக்குங்கள்: 0.09. தாண்டவில்லை என்றால் 0.7-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.49. அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் 1950-இல் தந்த முறை இது. மதிப்பெண் குறையக் குறைய நல்லது. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் எழுதிச் சராசரி பாருங்கள். 0.25-க்குக் கீழே வர வேண்டும். எதையும் பார்க்காமல் தினமும் 50 சதவீதம் என்று எழுதுகிறவருக்கே 0.25 கிடைத்துவிடும்.