ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்தால் பொதி திரும்பிப் போய்விடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும்தான் எடுக்கப்போகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"ஐயா, கொழும்புச் சுங்கத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அழைத்தார். என் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறதாம். வரிக்காசு 18,500 ரூபாயை உடனே ஒரு வங்கிக் கணக்கில் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பொலிசுக்கும் அறிவிப்பார்களாம். நான் நன்றாக ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆனால் என் அக்கா குவைத்தில் இருக்கிறார், எப்போதாவது சாமான் அனுப்புவார். அது உண்மையான பொதியாக இருந்தால், நான் மரியாதையில்லாமல் பேசியதற்காகத் திரும்பிப் போய்விடுமா?"

இந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். 18,500 ரூபாயைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒரு மனிதரை ஏசிவிட்டோமே என்றுதான் கவலை. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கங்களான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் முன்பின் தெரியாதவர் வாசலில் நின்றாலும் முதலில் கதிரையைத்தான் எடுத்துப் போடுவோம். பேசுகிறவரின் பேச்சை இடையில் வெட்டுவதற்கு நமக்கு மனம் வராது. இப்படி அழைத்துக் காசு பறிக்கிற கள்ளர்களின் மூலதனமே இதுதான்.

தங்கச்சி, போகாது. பொதிக்குக் காது கிடையாது. நீங்கள் ஏசியது அதற்குக் கேட்கவே இல்லை.

தபாலில் வருகிற பொதி தொலைபேசியை நம்பி வருவதில்லை. பெயரையும் விலாசத்தையும் நம்பித்தான் வருகிறது. நான் தபாற்கந்தோரில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை மாறாத விடயம் இது. உங்களுக்கு ஒன்று வந்தால் தபாற்காரர் கொண்டுவருவார், அல்லது அறிவித்தல் துண்டு ஒன்று வரும். வரி இருந்தால் அது தாளில் எழுதப்பட்டிருக்கும். காசைக் கட்டினால் பற்றுச்சீட்டுக் கிடைக்கும். யாரோ ஒரு தனிமனிதருடைய வங்கிக் கணக்குக்கு இதில் எந்த இடமும் இல்லை. பெறுகிறவர் வராவிட்டால் குறிப்பிட்ட காலம் வைத்திருந்துதான் திருப்பி அனுப்புவார்கள். அதே நாள் பின்னேரம் மூட்டை கட்டுவதில்லை.

இப்போது பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் எங்கே வரப்போகிறேன் என்று. ஆமாம், இலக்கம். பதிவுத் தபால் பற்றிய பேச்சிலும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், அடுத்த மாதமும் சொல்வேன். பொதிக்கு ஓர் இலக்கம் உண்டு. அதை அழைக்கிறவர் சொல்லட்டும். நாம் எதையும் சொல்லக்கூடாது.

ஏன் என்றால் அழைக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஏறாவூரில் ஓர் உம்மா தனக்கு வந்த அழைப்பை என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினார். அவன் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது." உடனே இவர், "யார், சவூதியில் இருக்கிற மகனா?" என்றிருக்கிறார். "ஓம் உம்மா, மகன்தான்." "பால்மா, சவர்க்காரம் எல்லாம் போட்டிருக்கிறானா?" "ஓம், பெரிய பெட்டி." "மருமகளுக்குச் சேலை வைப்பதாகச் சொன்னானே?" "சேலையும் இருக்கிறது உம்மா, அதற்குத்தான் வரி." பாருங்கள், மகன், சவூதி, பால்மா, சவர்க்காரம், மருமகள், சேலை, எல்லாம் உம்மாவின் வாயிலிருந்து வந்தவை. கடைசியில் அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அவனுக்கு எங்கள் வீட்டு விடயமெல்லாம் தெரிந்திருக்கிறது தம்பி, பொய் என்று எப்படிச் சொல்வது?" நல்ல வேளை, காசு போடுவதற்கு முன் மகனுக்கு அழைப்பு எடுத்துவிட்டார்.

சரி, இலக்கத்துக்கு வருகிறேன். நாடுகளுக்கிடையே போகிற தபாலுக்கு ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. 1874 இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் தொடங்கிய சர்வதேச தபால் ஒன்றியம்தான் அதற்குப் பொறுப்பு. பதிவுத் தபால், பொதி, விரைவு அஞ்சல் எதுவானாலும் இலக்கத்தில் மொத்தம் 13 இடங்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது எண்கள், பின்னால் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பொதி, ஈ என்றால் விரைவு அஞ்சல். கடைசி இரண்டு எழுத்துகள் எந்த நாட்டில் ஒப்படைத்தார்கள் என்று காட்டும். இலங்கையில் போட்டால் எல்கே, குவைத்தில் போட்டால் கேடபிள்யூ. குவைத்திலிருந்து அக்கா தபாலில் போட்ட பொதிக்கு எல்கே என்று முடிகிற இலக்கத்தை ஒருவன் சொன்னால், அந்த இடத்திலேயே கதை முடிந்தது.

நடுவில் இருக்கிற ஒன்பது எண்களில் கடைசி எண் ஒரு காவல்காரன். முன்னால் இருக்கிற எட்டு எண்களிலிருந்து அதைக் கணக்குப் பார்த்து எடுக்கிறார்கள். பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: 8, 6, 4, 2, 3, 5, 9, 7. உதாரணத்துக்கு 12345678 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை 8 ஆல் பெருக்குங்கள், இரண்டாவதை 6 ஆல், இப்படியே கடைசி வரை. 8, 12, 12, 8, 15, 30, 63, 56. கூட்டினால் 204. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறு போனால் 5. ஆகவே ஒன்பதாவது எண் 5 ஆகத்தான் இருக்க வேண்டும். கழித்து 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் போடுவார்கள். வாயில் வந்ததைச் சொல்கிறவனுக்கு இது பெரும்பாலும் பிழைக்கும். தற்செயலாகப் பத்தில் ஒரு தடவை பொருந்தலாம். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் மனதுக்குள் எத்தனையோ தடவை கும்பிடு போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பிக்கிற ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒருநாள் செய்து பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. இலக்கம் சரியாக இருந்தால் அழைத்தவரும் சரியானவர் என்று நினைத்துவிடாதீர்கள். வேறொருவருடைய பொதியின் இலக்கத்தை அவன் பார்த்து எழுதியிருக்கலாம். இலக்கம் பிழை என்றால் அவன் கள்ளன். இலக்கம் சரி என்றால் வைத்துவிட்டு, உங்கள் ஊர்த் தபாற்கந்தோருக்கு நீங்களாகப் போய்க் கேளுங்கள். அவ்வளவுதான். தனியார் கூரியர்களின் இலக்கங்கள் வேறு மாதிரி இருக்கும், அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வளைகுடாவிலிருந்து கார்கோவில் வருகிற பெரிய பெட்டிகளும் தபால் அல்ல. அங்கே ஒப்படைக்கும்போது அனுப்புகிறவர் கையில் ஒரு பற்றுச்சீட்டுக் கொடுப்பார்கள். அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்படி சொல்லுங்கள். ஆறுமாதத்துக்கு ஒரு பெட்டி அனுப்புகிற பிள்ளைகள் இந்த ஒரு படத்தை அனுப்பினால் காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் எத்தனை பேர் நிம்மதியாக இருப்பார்கள்!

வேறு வேடங்களும் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்புக்கில் பழகிய வெளிநாட்டு நண்பர் நகையும் பவுண் நோட்டும் வைத்துப் பரிசுப் பொதி அனுப்பியிருப்பதாகச் சொல்வது பழைய கதை. சுங்கத் திணைக்களம் எத்தனையோ தடவை எச்சரித்தும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்காத பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காசு கேட்பது இன்னொன்று. வீட்டில் அம்மா மட்டும் இருப்பார், மகன் வாங்கியிருப்பான் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார். கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு எண்களைச் "சொல்லுங்கள், பொதியை உறுதிப்படுத்த வேண்டும்" என்பார்கள். அது உங்கள் வட்ஸ்அப் அல்லது வங்கியின் திறப்பு.

இன்னொன்றைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். "நான் பொதி கொண்டுவருகிற பையன், விலாசம் தெரியவில்லை, இந்த இலக்கத்தை அழுத்துங்கள்" என்று *21* என்று தொடங்கி, பிறகு ஒரு தொலைபேசி இலக்கம், கடைசியில் # என்று சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வருகிற அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும். வட்ஸ்அப் உறுதிப்படுத்தும் எண்ணைக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கிவிடுவான். தெரியாமல் அழுத்தியிருந்தால் ##002# என்று அழுத்துங்கள், திருப்பிவிட்டதெல்லாம் இரத்தாகும்.

இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 1930 க்கு அழைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது இணைய மோசடிகளை முறையிடுவதற்கான இந்தியாவின் இலக்கம். அங்கே "டிஜிட்டல் கைது" என்று சொல்லி, பொதியில் போதைப்பொருள் இருக்கிறது என்று மிரட்டி, ஆட்களை நாட்கணக்கில் கமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். 2024 அக்டோபரில் இந்தியப் பிரதமரே வானொலியில் பேசி எச்சரிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் பொலிஸ் தொலைபேசியில் கைது செய்வதில்லை.

தங்கச்சி கேட்டது, ஏசினால் என்ன ஆகும் என்று. எனக்கு யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தது வேறு கேள்வி: ஏசாமல் காசைப் போட்டவர்கள் என்ன செய்வது? இதை ஒருவரும் கேட்பதில்லை. வெட்கம். அம்பாறை மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, முதலில் வரி, பிறகு தண்டப்பணம், பிறகு "காகிதச் செலவு" என்று தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவையே சந்தேகம் வந்திருக்கிறது. கட்டாரில் இருக்கிற கணவருக்குத் தெரிந்துவிடுமே என்று, போன காசைப் பிடிப்பதற்காக இன்னும் காசு போட்டிருக்கிறார். அவரை முட்டாள் என்று யாரும் சொல்லாதீர்கள், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர் அவர்.

ஆகவே காசு போய்விட்டால், கணவரிடம் சொல்வதா, மாமியிடம் சொல்வதா என்பதைப் பிறகு யோசியுங்கள். முதலில் வங்கி. அட்டையின் பின்பக்கத்தில் இலக்கம் இருக்கும். இணையப் பரிமாற்றம் நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் மறுபக்கத்தில் இருக்கிறவன் அதை எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகலாம். அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது. வங்கியில் முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். பிறகு உங்கள் பொலிஸ் நிலையம், அவசரம் என்றால் 119. வட்ஸ்அப் கணக்குப் பறிபோயிருந்தால் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101. அந்த ஆளின் அழைப்பு வந்த இலக்கம், காசு போட்ட கணக்கு இலக்கம், குறுஞ்செய்திகள், ஒன்றையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வங்கியோடு எத்தனை மணிக்குப் பேசினீர்கள், யாரோடு பேசினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொலிசில் முறைப்பாடு எழுதும்போது அது உதவும்.