எத்தனை எம்பி இருந்தால் நல்ல படம்?

வணக்கம் நேயர்களே. தாராவியில் எக்ஸ்போர்ட் என்றால் முதலில் தோல் பைதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது வேறு எக்ஸ்போர்ட். படத்தைத் திருத்தி முடித்ததும் கடைசியாக அழுத்துகிறோமே, அந்தப் பொத்தான்.

போன பொங்கலன்று 90 அடி சாலைப் பக்கம் பெண்கள் வரிசையாகப் பானை வைத்ததைப் படம் எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அது பிடித்துவிட்டது. "பெருசாப் போட்டு பிரேம் மாட்டிக் குடுலே" என்றார். ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினேன். பிரின்ட் வந்ததும் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பானையில ஆவி எங்கலே? தாயக்கட்டம்லா தெரியுது!"

ஆச்சி சொன்னது அப்படியே உண்மை. படக் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் முறைதான் ஜேபெக் (JPEG). 1992-ல் தரப்படுத்தப்பட்ட இந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நம் கண் கவனிக்காத நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் சட்டென்று பிடிக்கும். நிறத்தின் நுணுக்கத்தில் அத்தனை கூர்மை கிடையாது. அதனால் பெரும்பாலும் நிறத்தில்தான் அதிகம் கழிப்பார்கள். 24 மெகாபிக்சல், அதாவது 2.4 கோடிப் புள்ளி உள்ள படத்தைச் சுருக்காமல் வைத்தால் கோப்பு 72 எம்பி (மெகாபைட்) ஆகும். அதே படம் ஜேபெக்கில் சில எம்பிக்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு கழிப்பது என்பதைத்தான் எக்ஸ்போர்ட் செய்யும்போது நாம் வைக்கும் குவாலிட்டி எண் சொல்கிறது. 100-க்கும் 85-க்கும் வித்தியாசம் கண்ணில் படுவது அரிது. கோப்பு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் கழித்தது திரும்ப வராது. எக்ஸ்போர்ட் செய்த படத்தையே மறுநாள் திறந்து, திருத்தி, மறுபடி சேமித்தால் மறுபடியும் கொஞ்சம் போகும். நான் இப்படி நான்கு தடவை செய்திருந்தேன். அதற்குமேல் வாட்ஸ்அப் வேறு பிக்சலைக் குறைத்துச் சுருக்கியது. வானம், ஆவி மாதிரி மெல்ல மெல்ல நிறம் மாறும் இடங்களில்தான் இந்தக் குறை முதலில் தெரியும்.

சிலர் "என் படம் 8 எம்பி" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை வைத்து நான் ஒன்றும் முடிவு செய்ய மாட்டேன். ஒரே அளவு, ஒரே குவாலிட்டியில் மெரைன் டிரைவின் வெறும் வானம் சின்னக் கோப்பாக வரும். தாதர் ஸ்டேஷன் கூட்டம் பெரிதாக வரும். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தெரியுமே, அதுகூட எம்பியை ஏற்றும். படத்துக்கு அதனால் என்ன லாபம்?

படம் எங்கே போகப் போகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பிரின்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம் என்றால் 3600-க்கு 5400. சரி, இந்தத் தடவை மூலப் படத்திலிருந்து அந்த அளவில், குவாலிட்டி 90-ல் எடுத்து, பென்டிரைவில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். (வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், சுருங்காது.)

ஆச்சி வீட்டு டிவிக்கு மேலே இப்போது ஆவி பறக்கிறது. அப்புறம், திருநெல்வேலியில் இருக்கும் தங்கச்சிக்கும் போனில் அனுப்பச் சொன்னார். அதற்குத் தனியாக, நீளப் பக்கம் 2000 பிக்சலில் ஒன்று எடுத்தேன். அது ஒரு எம்பிகூட வரவில்லை. நன்றி, வணக்கம்.