உரமேறுவதும் மரத்துப்போவதும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

தற்காப்புக் கலையைப் பயின்றால் உடலும் மனமும் உரம் பெறும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த உரம் எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டால் மட்டும், "அடிவாங்க அடிவாங்கப் பழகிவிடும்" என்பதே பெரும்பாலோரின் விடையாக இருக்கிறது. இந்த விடையில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பி மூட்டுகளைக் கெடுத்துக்கொண்ட இளைஞர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். உரமேறுதல் என்று தமிழில் ஒரு சொல் உண்டு, மரத்துப்போதல் என்று மற்றொரு சொல்லும் உண்டு. உரமேறியவரும் மரத்துப்போனவரும் வலிக்கு முகம் சுளிப்பதில்லை என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஆனால் முதலாமவருக்கு உணர்வு கூர்மைப்பட்டிருக்கும். இரண்டாமவருக்கு அது மழுங்கிப்போயிருக்கும். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் உடலை எடுத்துக்கொள்வோம். எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே வீரர்கள் வைக்கோல் சுற்றிய மாகிவாராப் பலகையில் நாள்தோறும் குத்திப் பழகியதற்குப் பின்னால் இருக்கும் நியாயமும் இதுதான். ஆனால் எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும் என்பதையும், அந்தக் கட்டுமானம் அடி விழும் நேரத்தில் நடப்பதில்லை, அடுத்து வரும் ஓய்வில்தான் நடக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு முதல் சில வாரங்களில் வலு கூடியதுபோலத் தோன்றுவது பெரும்பாலும் நரம்புகள் தசைகளை ஒருங்கிணைத்து இயக்கக் கற்றுக்கொள்வதால்தான். தசை அதற்குப் பிறகுதான் தடிக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அதைவிடவும் மெதுவாகத்தான் வலுப்பெறும். ஆகவே, "எனக்கு இப்போது நன்றாக முடிகிறதே" என்று ஆர்வத்தோடு உதைகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் காலம்தான் குதிகாலிலும் முழங்காலிலும் வலி பிடிக்கும் காலமாகவும் இருக்கிறது. அந்த ஆர்வத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு அளவு வைக்க வேண்டியது ஆசிரியரின் பொறுப்பு.

இந்த அளவு என்ற செய்தியை நான் கண்டவற்றுள் மிகத் தெளிவாக வகுத்து வைத்திருப்பது ஜூடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை. 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் வழியில், மாணவர் எவரையும் வீழ்த்துவதற்கு முன்னால் தாம் விழுவதற்குக் கற்க வேண்டும். உகேமி என்று அதற்குப் பெயர். முதல் நாள் மாணவர் குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து பின்பக்கமாக உருள்வார். தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். பார்வை இடுப்புக்கச்சையின் முடிச்சில் நிற்க வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் இரு கைகளும் உடலிலிருந்து சற்றே விலகி விரிப்பை அறைய வேண்டும். மூச்சு வெளியேற வேண்டும். அப்படி அறையும்போது விழுகையின் வேகம் கை முழுவதும் பரவிவிடுகிறது, தலையின் பின்புறம் தரையைத் தொடுவதே இல்லை. உட்கார்ந்த நிலையில் இது கைவந்த பிறகு நின்றபடி, அதன் பிறகு நடந்தபடி, கடைசியில் மற்றொருவர் தூக்கி எறியும்போது என்று உயரம் படிப்படியாகக் கூடுகிறது.

நான் இதில் கவனிக்கச் சொல்வது முகத்தை. முதல் வாரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டை சாய்வதுபோலச் சாய்ந்த அதே மாணவர், மூன்றாம் மாதத்தில் காற்றில் புரளும்போதே தரை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார். அவருடைய உடல் அதற்குள் கல்லாகிவிடவில்லை. அச்சம் கவனமாக மாறியிருக்கிறது. மன உறுதியின் தொடக்கத்தை நான் அந்தத் திறந்த கண்களில்தான் காண்கிறேன்.

மனத்தின் பயிற்சியும் இதே முறையில்தான் நடக்கிறது. எதிரே ஒருவர் குத்த வரும்போது இதயம் வேகமாக அடிக்கும், பார்வை குறுகும், தோள் தானாகவே மேலேறும், பலர் மூச்சு விடவே மறந்துவிடுவார்கள். இவற்றை வராமல் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் மூச்சு ஒன்று மட்டும் தானாகவும் இயங்கும், நாம் சொன்னபடியும் கேட்கும். வெளிமூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தை மாணவர் எப்படிச் செலவிடுகிறார் என்பது சுற்றில் அவர் எத்தனை குத்து விட்டார் என்பதைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெதுவான பயிற்சி மோதலில் தொடங்கி, பழகிய துணையோடு, பிறகு அறிமுகமில்லாதவரோடு, பிறகு பார்வையாளர் முன்னிலையில் என்று நெருக்கடியைச் சிறுகச் சிறுக ஏற்றினால், மனம் ஒவ்வொரு படியிலும் நிதானத்துக்குத் திரும்பும் வழியைக் கற்றுக்கொள்கிறது. எடுத்த எடுப்பிலேயே பலசாலி ஒருவரிடம் மாட்டிவிட்டால் அது கற்றுக்கொள்வது பயத்தை மட்டுமே.

அந்த நிதானம் எப்படி இருக்கும் என்பதற்கு 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூடோ அந்த ஆண்டுதான் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எடைவரம்பில்லாத பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆண்டன் கெசிங்க், ஜப்பானின் அகியோ காமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து, ஜப்பானியர்களின் சொந்த அரங்கிலேயே வென்றார். வெற்றி உறுதியானதும் அவருடைய நாட்டு ஆதரவாளர்கள் ஆரவாரத்தோடு விரிப்பை நோக்கி ஓடிவர, கெசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். வாழ்நாளின் பெருவெற்றி கைக்கு வந்த அந்த நொடியிலும் எதிரே தோற்று நிற்பவரின் மானம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. உணர்வு மரத்துப்போன ஒருவரால் அது முடியாது.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எலும்பு உரமேறும், தோல் தடிக்கும், தசை வலுக்கும். மூளை மட்டும் அடிபட்டு உரமேறுவதில்லை. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகின் முன் எடுத்து வைத்தார். அதற்குப் பிறகும், தலையில் அடி வாங்கிவிட்டு நின்று சண்டையிடுவதை வீரம் என்று கைதட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மோதலின்போது நெற்றிப்பொட்டில் பலமாக அடிபட்டும் சுற்றை முடித்தார். எல்லோர் முன்னிலையிலும் அவருடைய தாங்கும் சக்தியைப் பாராட்டினேன். இரண்டு நாள் கழித்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் பாராட்டிவிட்டீர்கள், ஐயா, அதன் பிறகு எப்படிச் சொல்வது?" என்றார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். முழுக் குணம் ஆனதாக அவர் சொல்லும்வரை மோதல் கூடாது என்று உத்தரவாயிற்று.

அன்று முதல் என் வகுப்பில் ஒவ்வொரு மோதலும் முடிந்தவுடன் இருவரும் என் எதிரே வந்து நின்று எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலை என்று சொன்னவர் அன்றைக்குச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தலைவணங்கிவிட்டுப் பயிற்சியைத் தொடர்வார்கள். அந்த மாணவர் பல வாரங்களுக்குப் பிறகு மருத்துவரின் அனுமதியோடு திரும்பி வந்தபோது, நான் எதுவும் சொல்லாமலே விரிப்பின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தாடையை மார்போடு சேர்த்து, பின்பக்கமாக உருளத் தொடங்கினார்.