தழும்புக்கும் நிழல் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கட்டு மாற்றுவது, தையல் பிரிப்பது, பிறகு மாதக்கணக்கில் தழும்பு ஆறுவதைப் பார்த்து அனுப்புவது, இதுதான் என் வேலை. நான் ஒரு செவிலியர். தையல் பிரிக்கும் அன்று பலரும் கேட்பது ஒன்றைத்தான்: "சிஸ்டர், இனிமேல் தலைக்குக் குளிக்கலாமா?" வெயிலைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். அதனால் இன்றைக்கு நானே அதைப் பேசுகிறேன்.

அறுவை முடிந்து ஏழு மாதமான ஒருவர் வந்திருந்தார். தழும்பின் கீழ்ப்பகுதி வெளிறி, நூல் போட்டதுபோல் மெல்லிசாக ஆறியிருந்தது. மேல் முனையில் இரண்டு விரற்கடை நீளம் மட்டும் கன்னங்கரேலென்று கறுத்துக் கிடந்தது. கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்கும் இடம், அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. "நான் வெயிலிலேயே போகவில்லையே சிஸ்டர்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அலுவலகத்தில் அவர் மேசை பெரிய கண்ணாடி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அந்த நேர்கோடு, அவர் வழக்கமாகப் போடும் மேலாடையின் கழுத்து விளிம்பு.

சூரியனின் புற ஊதாக் கதிரில் நம் தோலுக்கு வந்து சேர்வது இரண்டு வகை. யூவிபி தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். அதைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யூவிஏ இன்னும் ஆழமாகப் போய்க் கறுக்க வைக்கும். கண்ணாடி வழியாகவும் அதில் நிறைய உள்ளே வரும். மேகமூட்டமான நாளிலும் வரும். ஜன்னலோரம் மணிக்கணக்கில் உட்காருகிறவரும் தினமும் கார் ஓட்டுகிறவரும் தங்களை வெயிலில் இருப்பவராக நினைப்பதில்லை. தழும்புக்கு அது வெயில்தான்.

சரி, ஆறிப்போன தழும்பை வெயில் என்ன செய்யும்? முதலில், அது ஆறிப்போகவில்லை. மேல்தோல் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். உள்ளே வேலை ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஓடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்குப் போட்ட கொலாஜன் நார்களை உடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஒழுங்காக அடுக்கி, மறுபடி கட்டும். அந்தக் காலம் முழுக்கத் தழும்பு சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். நிறமி தயாரிக்கும் செல்கள் அப்போது தூண்டப்பட்ட நிலையில் இருக்கும். வெயில் பட்டால் அளவுக்கு மீறி நிறமியைக் கொட்டிவிடும். மாநிறமும் கறுப்புமான தோல் உள்ளவர்கள் "எங்கள் தோலை வெயில் ஒன்றும் செய்யாது" என்பார்கள். சட்டென்று சுடாது என்பது சரி. ஆனால் காயம் பட்ட இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்பது இந்தத் தோலில்தான் அதிகம்.

முதல் காவல் துணி. அதிலும் எல்லாத் துணியும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் சுமாரான பாதுகாப்புதான் தரும். நனைந்தால் அதுவும் குறைந்துவிடும். துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே போகும். நெருக்கமாக நெய்த துணி, கழுத்து கொஞ்சம் ஏறிய தையல், இவையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

துணி மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். பொருக்கு எல்லாம் உதிர்ந்து, எங்கும் ஈரக்கசிவு இல்லாமல் தோல் முழுதாக மூடிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். டப்பாவில் எஸ்பிஎஃப் என்று ஒரு எண் போட்டிருக்கும், யூவிபியை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. எஸ்பிஎஃப் 30 யூவிபி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 ஏறக்குறைய 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அலைய வேண்டாம். இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், தாராளமாகப் பூசுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். எரிச்சல் வரும் தோலுக்கு, நறுமணம் சேர்க்காத, துத்தநாக ஆக்சைடு கலந்த கிரீம் ஒத்துக்கொள்ளும்.

ரேடியேஷன் எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. சிகிச்சை நடக்கும்போது அந்த இடத்தில் எதைப் பூசுவதானாலும் சிகிச்சை தருகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். முடிந்த பிறகும் அந்தத் தோல் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் சுட்டுப்போகும். அதை வாழ்நாள் முழுக்க மறைத்து வைப்பதே நல்லது. கீமோ மருந்துகளிலும் சில, வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அப்புறம், அக்குளில் நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையையும் மறக்காதீர்கள். நிணநீர் வடியும் வழி குறைந்திருக்கிற கையில் வெயிலில் தோல் வெந்தால், அதுவே கை வீக்கத்தைத் தொடங்கி வைக்கலாம்.

இனி நான் சொல்வதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அறுவையில் தோலுக்குப் போகும் சிறு நரம்புகள் அறுபடுகின்றன. மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களுக்கும், எடுத்துவிட்டு மறுசீரமைப்பு (மார்பைத் திரும்ப உருவாக்கும் அறுவை) செய்துகொண்டவர்களுக்கும் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். சிலருக்கு உணர்ச்சி ஓரளவு திரும்பும், சிலருக்குத் திரும்பாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கறுப்பு நீச்சலுடையில் வெயிலில் படுத்திருந்து, உடை மாற்றும்போதுதான் மறுசீரமைத்த மார்பில் கொப்புளத்தைக் கண்டவர்கள் உண்டு. கறுப்புத் துணி புற ஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கும், ஆனால் சூட்டை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெந்நீர்ப் பையாலும் இப்படியே நடந்திருக்கிறது. அந்த இடத்தில் வெந்நீர்ப் பையே வேண்டாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டை முதலில் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள், உணர்ச்சி குறையாத பக்கத்துக் கையில். வெயிலில் இருக்கும்போது அவ்வப்போது உள்ளே கையை வைத்துத் தொட்டுப் பாருங்கள். தோல் சொல்லாததை உங்கள் உள்ளங்கை சொல்லும்.

தழும்பைத் தட்டையாக்க என்ன பூசலாம் என்று கேட்பவர்களுக்கு: சிலிக்கான் ஷீட் அல்லது ஜெல் முயன்று பார்க்கத் தகுந்தது. காயம் மூடிய பிறகு ஷீட்டை ஒரு நாளில் 12 மணி நேரமாவது ஒட்டி வைக்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் விடாமல். வைட்டமின் ஈ எண்ணெயை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 1999-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் அதைப் பூசியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது, தழும்பும் பெரிதாக மேம்படவில்லை. தடவி விடுவது நல்லது. அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, வாசனையில்லாத ஏதாவது ஒரு கிரீம் தொட்டு, விரல் நுனியால் சின்ன வட்டமாக, ஐந்து நிமிடம், தினமும் இரண்டு வேளை. தோலின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு ஓடக்கூடாது. விரலோடு சேர்ந்து தோல் நகர வேண்டும், அப்போதுதான் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது இளகும். முதல் நாள் பலருக்குக் கை போகாது. தழும்பைப் பார்க்கவே முடியாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு வருபவர்களை நான் அறிவேன். அவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை. துணிக்கு மேலே கை வைத்தாலே அன்றைக்குப் போதும்.

தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளர்ந்தால், அரிப்பும் வலியும் சேர்ந்தால், அது கெலாய்டாக இருக்கலாம். நடுநெஞ்சு அதற்குப் பெயர்போன இடம். சீக்கிரம் வந்தால் ஊசி மருந்தாலேயே அமுக்கப் பார்க்கலாம். சிவந்து சூடாகிச் சீழ் கசிந்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே காட்டுங்கள். தழும்பிலோ அதை ஒட்டியோ புதிதாக ஒரு கட்டி, கடலை அளவே இருந்தாலும், ஆறாத ஒரு சிறு புண் தெரிந்தாலும், வெயில் பட்டதால் இருக்கும் என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். அடுத்த செக்கப் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம், போன் செய்யுங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். இதற்காகவா வந்தீர்கள் என்று அவர்களில் ஒருவரையும் நாங்கள் கேட்டதில்லை.

நன்றி, வணக்கம்.